பாராடாங் போகும் பஸ்ஸும் அதன் பொம்மையும்

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வால் தெரியாத நீளத்துக்கு வண்டிகள் நின்றுவிடுகின்றன. போர்ட் பிளேரிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பி வந்த டிராவல்ஸ் கார்கள், மாயாபந்தருக்கும் டிக்லிப்பூருக்கும் போகும் பஸ்கள், சிமெண்டும் வெங்காயமும் ஏற்றிய லாரிகள், ஒரு ஆம்புலன்ஸ். டீக்கடையில் தமிழ், வங்காளி, இந்தி, தெலுங்கு எல்லாம் ஒரே பாய்லரைச் சுற்றி நிற்கின்றன. படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டால் பிறகு காத்திருப்பதுதான் வேலை. விதிகள் கறாரானவை. போலீஸ் காவலுடன் அணியாகத்தான் போக வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது. வழியில் நிறுத்தக் கூடாது. காட்டில் யாரைப் பார்த்தாலும் தின்னக் கொடுக்கக் கூடாது. படம் எடுக்கவே கூடாது.

நான் அந்த வரிசையில் நின்றது 2024 ஜனவரியில். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக அங்கே போக வேண்டியிருந்தது. விமான டிக்கெட்டில் பாதியை என் தலையில் கட்டிவிட்டு, கூடவே ஒட்டிக்கொண்டு வந்தான் என் அக்காள் மகன். வயது இருபத்து நான்கு. மதுரையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டிங் வேலை. பகலில் நிஜக் கார்களுக்குப் பட்டி பார்க்கிறான். இரவில் உள்ளங்கை அளவுக் கார்களுக்குப் பட்டி பார்க்கிறான். கடற்கரையோ சிறைச்சாலையோ அவனுக்குப் பொருட்டில்லை. ஒரு பஸ் கடலைக் கடப்பதைப் பார்க்க வேண்டும், அதை அப்படியே 24இல் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். அதற்காகத்தான் பாராடாங்.

மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கையில் ஒரு கோடு போட்ட நோட்டுடன் வண்டி வண்டியாகப் போய் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். துரு எங்கே ஆரம்பிக்கிறது, சக்கர வளைவுக்கு மேலா கீழா, கதவுக் கீலில் வழிந்த பழுப்புக் கோடு எவ்வளவு நீளம் என்றெல்லாம் குறிப்பு. உப்புக்காற்றில் வண்டி அழிகிற விதம் மதுரைப் புழுதியில் அழிகிற விதத்திலிருந்து வேறு என்பது அவன் கட்சி. "மதுரை வண்டி தேயும் மாமா, இந்த வண்டி உதிரும்" என்றான். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கே அந்த இரண்டு வினைச்சொற்களின் வித்தியாசம் அன்றுதான் முழுசாகப் பிடிபட்டது.

இவன் செய்வதைத் தமிழில் என்னவென்று சொல்வது? ஸ்கேல் மாடல் என்பதை 'மாதிரி' என்று எழுதினால் துணிக்கடை சாம்பிளும் நினைவுக்கு வரும், 'அதைப் போல' என்ற பொருளும் வந்து குழப்பும். 'பொம்மை' என்றால் அவனுக்குக் கோபம் வருகிறது. ஆனால் பண்டைத் தமிழில் இதற்குச் சொல் பஞ்சமில்லை. பிள்ளைத்தமிழில் ஆண்பாற் குழந்தையின் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டும் தேருக்கு மூன்று கால். முற்றத்தில் கோழியை விரட்ட எறிந்த காதணி அதன் வழியை மறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ இன்னும் துல்லியம். அங்கே தச்சர் வீட்டுச் சிறுவர்கள் பிறர் ஆசைப்படும்படி ஒரு தேரைச் செய்கிறார்கள். ஏறிப் போக முடியாத தேர். பார்ப்பதற்கும் உருட்டுவதற்கும் மட்டுமேயான வாகனம் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. தச்சர் வீட்டுப் பிள்ளை அப்பாவின் கொட்டிலில் விழுந்த துண்டுக் கட்டையில் தேர் செய்தான். ஒர்க்‌ஷாப் பையன் டப்பாவில் மிஞ்சிய பெயிண்டில் கார் செய்கிறான்.

இன்றைய வடிவில் இந்தப் பொழுதுபோக்கு பிறந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் விற்பவர்கள் கையில் காட்டுவதற்காக ஒரு குட்டி பிளாஸ்டிக் டிராக்டரைச் செய்தது. அதையே பிறகு பிரித்துப் பெட்டியில் போட்டு, வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும்படி விற்றது. அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனம் கார் ஷோரூம்களுக்கு மாதிரிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 1958இல் அது ஒரே பெட்டிக்குள் மூன்று வாய்ப்புகளை வைத்தது. கம்பெனியிலிருந்து வந்தபடியே கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம், அல்லது இஷ்டப்படி மாற்றிக் கட்டலாம். இந்த மூன்றாவதில்தான் உலகம் முழுக்கப் பையன்கள் விழுந்தார்கள். ஜப்பானின் டமியாவைப் பற்றி ஒரு கதை உண்டு. 1970களில் போர்ஷே 911 காரின் உள்ளமைப்பு சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஷுன்சாகு டமியா நிஜக் காரையே விலைக்கு வாங்கி, ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் போட்டார்.

இந்தியாவில் அப்படிப் பெட்டிகள் வந்து குவியவில்லை. கல்கத்தாவில் ஒரு நிறுவனம் பிரிட்டனின் டிங்கி அச்சுகளை வாங்கி நிக்கி என்ற பெயரில் உலோகக் கார்கள் வார்த்தது. ஆனால் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட் வெளிநாடு போய் வந்த சித்தப்பாவின் பெட்டியில்தான் வந்தது. 2001இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு பெருநகரக் கடைகளில் தலைகாட்டியது. பிறகு வரி. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60க்குத் தாவியது, 2023இல் 70. சுங்கத் துறையின் அட்டவணையில் ஸ்கேல் மாடலும், மூன்று சக்கர சைக்கிளும், மரப்பாச்சியும், புதிர்க்கட்டையும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. சீனத்துக் கிலுகிலுப்பைக்கு வைத்த அடி ஜப்பான் கார் கிட்டின் மேலும் விழுந்தது. பொம்மை என்று சொன்னால் என் மருமகனுக்கு ஏன் கோபம் வருகிறது என்பது எனக்கு இந்த வரியைப் பார்த்துத்தான் விளங்கியது.

ஆகவே இங்கே பிள்ளைகள் கிடைப்பதில் செய்கிறார்கள். டெல்லியின் சென்டி நிறுவனம் விற்கும் பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற அம்பாசடரை வாங்கி, திருகாணியைக் கழற்றி, பெயிண்டை உரித்து, ஒரு சர்க்கார் காராகவோ டாக்சியாகவோ மாற்றிவிடுகிறார்கள். உத்தர்பாராவில் நிஜ அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பொம்மையில் மட்டும் அது தயாராகிக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெயர்ப்பலகைக் கடைகளின் ஃபோம் ஷீட்டை வெட்டி, அரசு பஸ்களை லைட் எரிய, ஹாரன் அடிக்கச் செய்கிற ஒரு பெரும் கூட்டமே இருக்கிறது. வழித்தட எண்ணும் ஊர்ப் பெயரும் சரியாக இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் மரியாதை கிடையாது.

மருமகனின் மேஜையில் நான் பார்த்த மூலப்பொருள்கள்: தயிர்க் கப் (அது பாலிஸ்டைரீன், கிட்டில் இருக்கும் அதே பிளாஸ்டிக்), காலாவதியான ஏ.டி.எம். அட்டை, பால் பாயிண்ட் பேனா ரீஃபில் (சைலன்சர்), ரவிக்கைப் பிரஸ் பட்டன் (சக்கரத்தின் நடுமூடி), மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழ் (ஹெட்லைட்). அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தால்தான் அடுத்த காருக்கு விளக்கு. கிட்டின் துண்டுகளைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைக்கூட எறிவதில்லை. மெழுகுவத்திச் சுடரில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். அதுதான் ஏரியல். பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற திரவம் இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், ஒட்டு விட்டுப்போகாது. ஃபெவிக்விக்கைக் கண்ணாடி பக்கம் கொண்டுபோனால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஆகவே ஜன்னலுக்கு ஃபெவிகால்தான். இதற்கெல்லாம் பள்ளிக்கூடம் கிடையாது. ஒருவர் கெடுத்ததைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்கிறார்.

மாற்றிக் கட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஆல்ட்டர்'. நிஜ வண்டியை ஆல்ட்டர் செய்வதில் சிக்கல் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 24இல் ஒரு பங்கு வண்டிக்கு ஆர்.டி.ஓ. வரமாட்டார்.

அணி நகர்ந்தது. முதல் போலீஸ் வண்டி, பிறகு நாங்கள், எங்களுக்குப் பின்னால் எத்தனையோ. டயர்ச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் குர்ஜன் மரங்கள் கோயில் தூண் போல நேராக எழுந்து, வானத்தை நெருங்கும் இடத்தில்தான் கிளையே விடுகின்றன. நாற்பது மீட்டர் என்பது இங்கே சாதாரணம். கைபேசிகள் பைக்குள். சுமார் 50 கி.மீ. தூரம் எல்லோரும் கண்களை மட்டும் வைத்துக்கொண்டு பயணம் செய்வது இந்தக் காலத்தில் அபூர்வ அனுபவம். அந்தக் காட்டில் யாரைப் பார்த்தோம், பார்த்தோமா இல்லையா என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவருக்கும் அதையே தேடிப் போகத் தோன்றும்.

இந்தச் சாலையின் கதை சுகமானதல்ல. தெற்கு அந்தமானையும் டிக்லிப்பூரையும் இணைக்க 1970களில் அந்தமான் டிரங்க் ரோட்டைப் போட்டபோது அது ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடறுத்துப் போனது. அவர்கள் அம்பெய்து எதிர்த்தார்கள். அவர்களைக் காக்க 1956லேயே ஒரு சட்டம் இருந்தது. சாலை அதைக் கேட்கவில்லை. 1997 இறுதியில் அவர்கள் தாங்களாகவே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002 மே மாதம், காப்புக்காட்டுப் பகுதியில் சாலையை மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம். மூடவில்லை. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் ஒரு வீடியோ லண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்து உலகத்தையே முகம் சுளிக்க வைத்தது. அதே ஆண்டு சட்டத்தில் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இந்தச் சாலையில் போகக் கூடாது என்ற இடைக்காலத் தடை வந்தது. இரண்டு மாதத்தில் விலகியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். ஒரு காலை அணியில் போகும் சுற்றுலாப் பயணிகளே அதைவிட அதிகம் இருப்பார்கள் என்று வரிசையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் காடு முடிந்து உப்புநீர் வந்தது. இங்கேதான் மருமகனுக்கு உயிர் வந்தது. தட்டையான தளம் கொண்ட படகு, சாய்வுப் பலகையைக் கரையில் இறக்கியது. பயணிகள் எல்லோரும் இறங்கிக்கொள்ள, முதலில் பஸ். டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக ஏற்ற, கீழே நின்ற ஆள் "ஆனே தோ, ஆனே தோ" என்று கையசைக்க, பலகை முனகியது. பிறகு லாரி, அப்புறம் இடுக்குகளில் கார்கள். கதவைத் திறந்து இறங்க முடியாத நெருக்கம். வண்டிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் மனிதர்கள் பக்கவாட்டில் நின்றுகொண்டார்கள். படகு நகர்ந்ததும் பஸ் தன் ஸ்பிரிங்குகளில் லேசாக ஆடியது. நின்ற இடத்திலேயே ஒரு பஸ் பயணம் போகும் காட்சி அது.

மருமகன் சாணால் பஸ்ஸை அளக்கத் தொடங்கினான். தரையிலிருந்து முதல் படி இரண்டு சாண் சொச்சம். சக்கரம் நாலரைச் சாண். டேப் கொண்டுவந்திருந்தான், ஆனால் அந்த நெருக்கத்தில் அதை நீட்ட முடியவில்லை. பஸ் டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் வெற்றிமலை முருகன் கோயில் விபூதி. தாத்தா காலத்தில் இராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம்.

"என்ன தம்பி, டயரை அளக்குற? பஸ்ஸை வாங்கப் போறியா?"

"இல்லண்ணே, செய்யப் போறேன்."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கி வந்து, இடது பக்கத் தகட்டில் மூன்று முறை மாற்றிய ஒட்டைக் காட்டினார். உப்பு முதலில் எங்கே தின்னும் என்று விளக்கினார். சக்கரத்துக்குப் பின்னால், படிக்கட்டின் அடியில், பேட்டரிப் பெட்டியின் மூலையில். படகு ஏறி இறங்கும்போது பின் பம்பர் பலகையில் உரசும். அந்தத் தேய்மானம் எல்லா வண்டிக்கும் ஒரே உயரத்தில் இருக்கும் என்றார். பார்த்தோம். லாரிக்கும் அப்படியே. நோட்டில் அடிக்கோடு விழுந்தது.

சாலையை மூட வேண்டும் என்கிறார்களே என்று அவரிடம் கேட்டேன். "மூடுங்க சார். டிக்லிப்பூர்ல ஒரு பொம்பளைக்குப் பிரசவச் சிக்கல்னா கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவீங்களா? டூரிஸ்டை வேணா நிறுத்துங்க. என் பஸ்ல டூரிஸ்ட் ஏற மாட்டான்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா எங்க மச்சினன் டிராவல்ஸ் வச்சிருக்கான். அவன்கிட்ட இதைச் சொல்லிராதீங்க" என்றார். இந்த வாதத்தின் இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்தில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

அக்கரையில் நிலம்பூர். பாராடாங் தீவின் வாசல். கேரளத்திலும் ஒரு நிலம்பூர் உண்டு, தேக்குக்குப் பேர்போனது. ஆனால் இங்கே அதிகம் கேட்கும் பேச்சு, 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளுடையது. 'ராஞ்சி ஆட்கள்' என்றே தீவுகளில் அவர்களுக்குப் பெயர். மரம் வெட்டி, பாதை போட்டு, இந்தத் தீவுகளைப் பிறர் வாழத் தக்கதாக்கியவர்கள் அவர்கள். சுற்றுலாக் கையேடுகளில் அவர்களுக்கு ஒரு பத்திகூட இல்லை.

சுண்ணாம்புக் குகைக்கு விசைப்படகில் போக வேண்டும். கடைசிப் பகுதியில் அலையாத்திக் காடு இரண்டு பக்கமும் நெருங்கி, வேர்கள் தலைக்கு மேல் வளைய, படகு ஒரு பச்சைச் சந்துக்குள் நுழைகிறது. முதலை எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டுத் தண்ணீரில் வைத்த கையை எடுத்துக்கொள்கிறோம். பிறகு வயல்களும் காடுமாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடை. குகைக்குள் வழிகாட்டி டார்ச் அடித்து யானை, தாமரை என்று காட்டிக்கொண்டே போனார். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாய்க் கட்டியது. அழகுதான், ஆனால் கூட்டம்.

எனக்குப் பிடித்தது சேற்று எரிமலை. எரிமலை என்ற சொல்லை நம்பி வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். மூங்கில் வேலிக்குள் சாம்பல் நிறச் சேறு, நடுவே சில சிறு கூம்புகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வாய், அதில் அவ்வப்போது ஒரு குமிழி. கொதிக்கவில்லை. ஆழத்திலிருந்து வரும் வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவே. ஒரு குடும்பம் எட்டிப் பார்த்து, "இதுக்கா?" என்று திரும்பிவிட்டது. மருமகன் மட்டும் வேலியோரம் குந்தி உட்கார்ந்து, "மாமா, இது என்ன ஸ்கேல்?" என்றான். வாய், சரிவு, வழிந்து காய்ந்த ஓடை எல்லாம் அசலைப் போலவே இருந்தன, ஜான் உயரத்தில். சேற்றை அள்ளிவரக் கூடாது என்பதால் நிறத்தை எழுத்தில் பிடித்தான்: 'சிமெண்ட் சாம்பல், ஒரு சொட்டு நீலம், காய்ந்த இடத்தில் விபூதி'. இந்தச் சாதுவான கூம்புகள் 2004 டிசம்பர் பூகம்பத்தையடுத்துச் சீறியிருக்கின்றன. நாங்கள் வந்துபோன பிறகு, 2025 அக்டோபரிலும் ஒரு முறை வெடித்ததாகச் செய்தி வந்தது.

திரும்பும் படகுக்குக் காத்திருந்தபோது கணக்குப் போட்டோம். 24இல் ஒரு பங்கு என்றால், பத்தரை மீட்டர் பஸ் சுமார் 44 செ.மீ. வரும். படகை முப்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 125 செ.மீ., வீட்டு மேஜையைவிட நீளம். மனிதன் ஏழு செ.மீ. குர்ஜன் மரம் 1.67 மீட்டர், அதாவது மருமகன் உயரம். காட்டுச் சாலை முழுவதையும் செய்வதானால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அவன் வீட்டிலிருந்து மீனாட்சி கோயில் வரை போகலாம். காட்டை விட்டுவிட்டான். படகிலும் முன்பாதி மட்டும்: சாய்வுப் பலகை, பஸ், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பொலேரோ.

அதே பஸ் டிரைவர் மறுபடி வந்து சேர்ந்தார். திட்டத்தைக் கேட்டுவிட்டு யோசனை சொன்னார். "எல்லாம் சரி தம்பி. ஓரமா ரெண்டு ஜாரவா பொம்மையும் வச்சிடு. அப்பத்தான் பாத்ததுமே பாராடாங்னு சொல்லுவான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தஞ்சாவூர் என்றால் தலையாட்டி பொம்மை என்பதுபோல இயல்பாக வந்தது. மருமகனுக்கும் ஆசை தட்டியது. ஏழு செ.மீ. மனித உருவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, வண்ணம் மாற்றினால் போதும் என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்றான். படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றேன். "பொம்மை செய்யக் கூடாதுன்னு சட்டம் இல்லையே மாமா" என்றான். அவர்களிடம் கேட்டுவிட்டா செய்வாய் என்றேன். "பஸ்ல இருக்கறவங்களைக் கேட்டா செய்யப் போறேன்? ரோடு அவங்க காட்டுல போகுது. அவங்களே இல்லாத மாதிரி செஞ்சா அதுவும் பொய்தானே?"

இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. மொழிபெயர்ப்பில் இதே இக்கட்டு எனக்கு வந்திருக்கிறது. ஒரு சாதியின் பேச்சைத் தமிழில் கொண்டுவந்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். பொதுத்தமிழில் போட்டால் ஆளே காணாமல் போய்விடுவார். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

போர்ட் பிளேருக்குத் திரும்பிய மறுநாள் மானிடவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பழங்குடியினரின் குடில்கள் கண்ணாடிக்குப் பின்னால் சிறு உருக்களாக இருக்கின்றன. வேலைப்பாட்டை அவன் அரை மணி நேரம் பார்த்தான். ஓலைக்கு எதைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று ஊகித்தான். வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. செல்லுலார் சிறையிலும் ஒரு மாதிரி இருக்கிறது. நடுக்கோபுரத்திலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு சிறகுகள். நிஜக் கட்டிடத்தில் மூன்றுதான் மிச்சம், மற்றவை போய்விட்டன. முழுச் சிறையையும் இன்று பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதிரியில்தான் பார்க்க வேண்டும். அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் சொன்னான்: "படகை மட்டும் செய்யறேன் மாமா. அதுல நிக்கறவன் எல்லாம் டிக்கெட் வாங்கினவன். பாக்க வந்தவன், பாக்கப்பட்டா என்ன?"

வேலை எட்டு மாதம் இழுத்தது. பஸ்ஸின் உடல் தயிர்க் கப்பும் பெயர்ப்பலகைக் கடைத் துண்டுகளும். பொலேரோவுக்கு ஒரு ஜப்பான் ஜீப் கிட்டைப் பலி கொடுத்தான். துரு வரவழைக்க மாடல்காரர்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு, அதுவும் உப்புதான். முதலில் துருநிறம் அடித்துக் காயவிட வேண்டும். மேலே தண்ணீர் தடவி, வேண்டிய இடங்களில் சமையல் உப்பைத் தூவ வேண்டும். உப்பு ஒட்டிக் காய்ந்ததும் அதன் மேலேயே வண்டியின் நிறத்தை ஸ்பிரே செய்ய வேண்டும். கடைசியில் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, பெயிண்ட் பொரிந்த மாதிரி அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். சக்கரத்துக்குப் பின்னால், படிக்கட்டின் அடியில், பேட்டரிப் பெட்டியின் மூலையில் தூவினான். பின் பம்பரின் தேய்மானத்தை உப்புத்தாளால் ஒரே உயரத்தில் இழுத்தான். எண் பலகை ஏ.என். 01. படகுத் தளத்தில் பதினொரு மனிதர்கள், எல்லோரும் ஏழு செ.மீ., எல்லோர் கையிலும் கைபேசி. அதில் ஒருவருக்கு என் மூக்குக் கண்ணாடி.

படத்தை டிரைவருக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஒட்டுப்போட்ட தகடு அச்சாக இருக்கிறதென்று இரண்டு முறை சொன்னார். டெப்போவில் எல்லோருக்கும் காட்டிவிட்டாராம். "ஒண்ணுதான் குறை தம்பி. முன்னாடி எலுமிச்சம்பழம் மிளகாய் எங்க? அது இல்லாம நான் படகுல ஏத்தவே மாட்டேனே."

எலுமிச்சம்பழம் ஐந்து செ.மீ. என்றால் 24இல் ஒரு பங்கு இரண்டு மில்லிமீட்டர். அக்காள் அடுக்களையிலிருந்து கொஞ்சம் கடுகு கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பெரிதாக ஒன்றைப் பொறுக்கி மஞ்சள் அடித்து, மெழுகுவத்தியில் இழுத்த பச்சை இழையில் ஏழு மிளகாய் வெட்டி, பம்பரின் நடுவில் கட்டினான்.